இரவல் நாற்றுகள்

நாற்றுத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஐந்தாறு மணிகள் இருக்கின்றன, கடுகு அளவில், வெள்ளை வெளேரென்று, நொறுக்கிப்போட்ட தெர்மாகோல் மாதிரி. நகத்தால் கிள்ளினால் ஒன்று வருகிறது, ஒன்று உள்ளே போகிறது, உள்ளே போனதைத் தோண்டினால் நாற்று ஆடுகிறது, ஆடினால் வேர் அறும், வேர் அறுந்தால் மதியத்துக்குள் தலை தொங்கும், தொங்கினால் என் வீட்டுக்காரி பவளம் பார்த்துவிடுவாள். இந்த வெள்ளை மணி இருந்தாலும் பார்த்துவிடுவாள். கேத்தி நர்சரிக்காரன்தான் தேங்காய் நார்த்தூளில் இதைக் கலக்கிறான். பவளம் கலக்கமாட்டாள், அவள் மண்ணில் இலைமக்கும் மணலும்தான் இருக்கும், சலித்துச் சலித்து மாவு போல ஆக்கியிருப்பாள். நேற்று சாயங்காலம் வரை இருபத்தொன்பது தட்டு முடித்தேன். இன்னும் பதினொன்று. மணி எட்டரை ஆகிவிட்டது. பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியும் பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரை மேல் நீர்ப்பனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இந்த எமரால்டு பக்கம் மாசி பாதியிலேயே பனி போய்விடும் என்பார்கள், இந்த வருஷம் போகவில்லை, விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், மணியைக் கிள்ளுகிறேனா தண்டைக் கிள்ளுகிறேனா என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இருபத்தேழு வருஷம் கவர்மென்ட் பஸ்ஸில் ஸ்டீயரிங் பிடித்த கை இது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். இரண்டு இலை விட்ட பேன்சி நாற்றைப் பிடிக்கத் தெரியவில்லை.

போன் அடிக்கிறது. மகள் சுகந்தி. "அப்பா, மேட்டுப்பாளையம் தாண்டிட்டோம். அம்மா தூங்கறாங்க." "வாந்தி?" "காலையில ஒரு தடவை. இப்ப இல்ல." "டிரைவர்கிட்ட மெதுவா வரச் சொல்லு, பர்லியார் தாண்டினா ரோடு ஈரமா இருக்கும், வளைவுல அடிச்சுத் திருப்ப வேணாம்னு சொல்லு." "சொல்றேம்பா. அப்பா, நாத்து…" என்று இழுத்தாள். "எல்லாம் ரெடி" என்றேன். ரெடி. மேட்டுப்பாளையம் தாண்டியாச்சு என்றால் பாக்குத் தோப்புக்குள் வந்துகொண்டிருப்பார்கள், இருபது நிமிஷத்தில் பர்லியார், அங்கே குரங்குகள் ரோட்டில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் ஏற்றம், ஒரு மணி நேரத்தில் குன்னூர், குன்னூரிலிருந்து பாலாடா, பாலாடாவிலிருந்து இங்கே. பதினொன்றே கால், பதினொன்றரை. நான் ஓட்டினால் பன்னிரண்டாக்குவேன். எங்காவது நிறுத்தி டீ குடிப்பேன், டயரைத் தட்டிப் பார்ப்பேன், வரவே மாட்டேன். ஏன் நான் போய்க் கூட்டிவரவில்லை? நாற்றைப் பார்க்கணும் என்றேன். அவளும் ஆமாம், நீங்க நாத்தைப் பாருங்க என்றாள். நாற்றை. இருபத்தாறு நாளாகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் என்னைக் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். முதல் ஐந்து நாள் கூட இருந்தேன், ஆறாம் நாள் துரத்திவிட்டாள். "எனக்கு சுகந்தி இருக்கா. நாத்துக்கு யாரு இருக்கா? நீங்க கெளம்புங்க." அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் விதைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டு முடிந்ததும் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த தட்டு. பேன்சி, பெட்டூனியா, சால்வியா, முட்டைக்கோஸ், காலிபிளவர். நாளைக்குப் போடு என்றேன். நாளைக்குப் போட்டால் மே மாத சீசனுக்குப் பூக்காது என்றாள். விதை ஒவ்வொன்றும் தூசி மாதிரி இருந்தது. தும்மினால் ஒரு தோட்டமே பறந்துவிடும்.

முளைத்ததே, நன்றாகத்தானே முளைத்தது, அந்த ஒரு வாரம் என்னைப் போல ஒரு ஆள் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பச்சைப் புள்ளி, பச்சைப் புள்ளி, தட்டு முழுக்கப் பச்சைப் புள்ளி, போனில் அவளிடம் தட்டுத் தட்டாக எண்ணிச் சொன்னேன். அப்புறம் அந்தக் குளிர். வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. இது தாங்காது என்று நானாக முடிவு பண்ணி, பக்கத்துத் தார்ப்பாயெல்லாம் இறக்கிக் கட்டி, உள்ளே கரி அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரை ஆறவைத்து ஊற்றி, நாலு நாள் அப்படி மூடிவைத்தேன். உள்ளே போனால் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகும், அவ்வளவு ஆவி. நல்லது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒரு மூலையில் நாலு நாற்று படுத்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். மறுநாள் அந்தத் தட்டு முழுக்கப் படுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கழுத்தில், மண்ணைத் தொடும் இடத்தில், நூல் கட்டியது போலக் கறுப்பு. தொட்டால் வழவழவென்று வந்தது. பயந்துபோய் எல்லாத் தார்ப்பாயையும் அவிழ்த்துவிட்டேன், காற்று வரட்டும் என்று. அன்றைக்கு அடித்த உறைபனியில் மிச்சமிருந்ததும் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. மூடினால் அழுகுகிறது, திறந்தால் கருகுகிறது, ஒரு கோடு இருந்திருக்கிறது நடுவில், அவள் தினமும் அந்தக் கோட்டின் மேல் நடந்திருக்கிறாள், இத்தனை வருஷம், எனக்குச் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. காலையில் டூட்டிக்குப் போகும்போது இந்தப் பக்கமாகத்தான் போவேன், உள்ளே அவள் நிழல் குனிந்து நிமிரும், ஹாரன் மாதிரி வாயால் ஒரு சத்தம் கொடுப்பேன், அவள் கையை ஆட்டுவாள், அவ்வளவுதான் எனக்கும் நாற்றுக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. "ரெண்டாவது எல விட்டுச்சா?" என்ன சொல்லட்டும்? அவள் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. விட்டுச்சு என்றேன். அந்த ஒரு சொல்தான். அதற்கப்புறம் தினமும் வளர்க்க வேண்டியதாகிவிட்டது. காலண்டரைப் பார்த்து, இத்தனாம் நாள் இத்தனை இலை என்று கணக்குப் போட்டு, செத்த நாற்றுக்கு என் வாயிலேயே இலை விடவைத்தேன். "பெட்டூனியா மேல கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கா?" இருக்கு. "சால்வியா மஞ்சளடிக்குதா?" கொஞ்சம். கொஞ்சம் என்று சொன்னால்தான் நம்புவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அது வேறு, பொய்க்குப் பக்குவம் வந்துவிட்டது. பக்கத்தில் காலித் தட்டுகள் அடுக்கியிருக்கும். நான் அதற்கு எதிரில் நின்றுகொண்டு மஞ்சளடிக்குது என்பேன். அவள் சிரிப்பாள். "சாணிப்பால் கரைச்சுத் தெளிங்க, சரியாயிரும்." தெளித்தேன். சத்தியமாகத் தெளித்தேன், காலித் தட்டு மேல், மாட்டுக்காரர் வீட்டில் போய்ச் சாணி வாங்கிவந்து. அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை ஒன்றாவது செய்தோம் என்று இருக்கட்டும் என்றா, அல்லது செய்தால் ஏதாவது முளைத்துத் தொலையும் என்றா.

ஐயோ, இதை முறித்துவிட்டேன். தண்டு இரண்டாகிவிட்டது. போகட்டும், பக்கத்துக் குழியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைக்கலாம், பிடுங்கினால் அங்கே காலியாகும், காலியாக இருந்தால் பரவாயில்லை, முளைக்காத குழி எல்லாத் தட்டிலும் இருக்கும், எல்லாம் முளைத்திருந்தால்தான் சந்தேகம் வரும். அப்படியே விடு. அடுத்தது. அவளுடைய குச்சிகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஐஸ்கிரீம் குச்சியில் அவள் கையெழுத்து, பேன்சி என்று, தேதி, ப-வுக்கு முன்னால் கொம்பு கொஞ்சம் நீளமாக. ஒவ்வொரு தட்டிலும் திரும்பக் குத்திவைக்கிறேன். அவள் குச்சி, அவள் பெஞ்சு, ஊரான் நாற்று. கேத்தி நர்சரியில் ராபின் கேட்டான், "எதுக்குண்ணே இவ்வளவு அவசரம்? அக்கா போட்டிருப்பாங்களே." அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றும்போது மட்டும் சொன்னான், "இது ஹீட்டர் போட்டு வளர்த்த நாத்து. பார்த்து வைங்க. குளிர் தெரியாது இதுக்கு." குளிர் தெரியாது. ராத்திரி மூன்று போர்வையை இதுகள் மேல் போட்டுவிட்டு நான் கோட்டோடு படுத்தேன்.

கார்த்திகையிலேயே சொன்னாள். மேல்வயிறு வலிக்குது, முதுகு வரைக்கும் போகுது என்று. என்ன சொன்னேன்? பனிக்கு வாயு பிடிச்சிருக்கும், பெருங்காயம் போட்டு மோர் குடி என்றேன். குடித்தாள். மார்கழியில் மறுபடி சொன்னாள். ராச்சாப்பாட்டைக் குறை என்றேன். குறைத்தாள். தையில் சொல்லவே இல்லை, நான் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பெருங்காயம். போன வாரம் பார்க்கப் போன அன்றைக்கு டாக்டர் வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்துப் போய் நிற்கவைத்துச் சொன்னார், ரொம்ப நல்ல மனுஷன், என் தோளைத் தொட்டுத்தான் சொன்னார். கணையம், பரவிடுச்சு, ஆபரேஷன் பண்ற நிலைமை இல்ல, வலிக்கு மருந்து தர்றோம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பிடிச்சதைக் கொடுங்க. நான் அவரைக் கேட்டது என்ன தெரியுமா? வீட்டுல பனி ஜாஸ்தி, பரவாயில்லையா என்று. எத்தனை நாள் என்று கேட்டது சுகந்திதான். ரெண்டு மாசம், நல்லா இருந்தா மூணு. கேன்டீனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, டீயை வாங்கிவைத்துக் குடிக்காமல், நாங்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணினோம், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று. புண், ஆறிட்டு வருது, மருந்து சாப்பிட்டா போதும். உள்ளே போய் நான்தான் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். எனக்கு அது வரும். ஒரு தடவை பஸ்ஸில், கல்லார் இறக்கத்தில், ஐம்பது பேர் இருக்கும்போது பிரேக் பிடிக்காமல் போயிற்று. கண்டக்டருக்கு மட்டும் கண்ணைக் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு அம்மா ஏன் தம்பி இவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே, "லேட்டாயிருச்சும்மா, உக்காருங்க" என்றேன். கியரைக் குறைத்துக் குறைத்து மண் திட்டில் கொண்டுபோய்ச் சாத்தினேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து ஒரு பக்கமாக ஓடியிருப்பார்கள், வண்டி பள்ளத்தில் போயிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை, இவளிடமும் அதனால்தான். ஆனால் அங்கே மண் திட்டு இருந்தது. இங்கே எங்கே கொண்டுபோய்ச் சாத்துவது? திட்டு இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம்தான், நான் சிரித்துக்கொண்டே உக்காரும்மா உக்காரும்மா என்கிறேன்.

குன்னூர் வந்தாச்சு என்று சுகந்தி மெசேஜ் போட்டிருக்கிறாள். இன்னும் மூன்று தட்டு. வெயில் வந்துவிட்டது, கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது, கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு, சுரீரென்று. நாற்று உயிரோடு இருந்தால் அவள் இருப்பாள். இதை யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றைக்கோ முடிந்துகொண்டேன், கோயிலில் காசு முடிகிற மாதிரி. அவள் வந்து பார்க்கட்டும், எல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும், அவள் முகத்தில் ஒரு இது வரட்டும், அந்த ஒரு இதில் உள்ளே இருக்கிற கட்டி கரையாதா? கரையாது. தெரியும். எட்டாவது படித்த எனக்கே தெரியும். தெரிந்தும் கை பொறுக்கிக்கொண்டே இருக்கிறது. இவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இந்த இருபது நாளில் பார்த்துவிட்டேன். காலையில் எழுந்து பாத்ரூம் மக்கை நானே எங்கோ வைத்துவிட்டு நானே தேடினேன். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஒரு மக்கு. இன்னும் இரண்டு தட்டு. இன்னும் ஒன்று. பொறுக்கின வெள்ளை மணிகள் சட்டைப் பையில் ஒரு பிடி இருக்கும். வெளியே போய்ப் புதரில் உதறிவிட்டு, பவுடர் போடுவது போல ஒவ்வொரு தட்டு மேலும் பவளத்தின் பழைய மண்ணைத் தூவிவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். நாற்பது தட்டு. எனக்கே ஒரு நிமிஷம் இது அவள் போட்டதுதான் என்று தோன்றியது.

கார் வந்த சத்தம். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் என்னுடைய பழைய யூனிஃபார்ம் கோட்டுமாக ஏதோ ஒன்று பின்சீட்டில் இருந்தது, அதற்குள்ளே பவளம் இருந்தாள். பாதியாகியிருந்தாள். கதவைத் திறந்து கையைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள், முதலில் நாத்து. சுகந்தி என்னைப் பார்த்தாள், நான் சுகந்தியைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மகள், பதினெட்டு அடி நடக்க அவள் நாலு தடவை நின்றாள். உள்ளே ஒரு காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தேன். மூச்சு வாங்கினாள். அப்புறம் பார்த்தாள். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. முகத்தில் அந்த இது வந்தது, நிஜமாகவே வந்தது, உதடு விரிந்தது, நான் பார்த்தேன். கையை நீட்டி ஒரு பேன்சியின் இலையைப் புறங்கையால் தொட்டாள். பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்துத் தட்டை. விரிந்த உதடு அப்படியே நின்றுபோயிற்று.

"இது எங்க வாங்கினது?"

"வாங்கினதா? நீ போட்டதுதான் பவளம். குச்சியைப் பாரு, உன் எழுத்து."

"குச்சி என்னுதுதான்." குரல் தாழ்வாக இருந்தது, சண்டை இல்லை. "வெளிச்சம் கிழக்கால இருந்து வருது. ஒரே கூரைக்குக் கீழ முளைச்ச நாத்து ஒரே பக்கம்தாங்க சாயும். இந்தத் தட்டு ரோட்டைப் பாக்குது. இது மலையைப் பாக்குது. இது உங்களைப் பாக்குது."

நான் பார்த்தேன். ஆமாம். நாலு திசைக்கும் சாய்ந்திருந்தன, ஜீப்பிலிருந்து இறக்கின வாக்கில் தட்டுகளை வைத்ததில். ஒரு பகல் முழுக்க அதன் மேல் குனிந்திருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

"என்னோடது என்னாச்சு?"

"செத்துருச்சு."

"எல்லாமா?"

"எல்லாம். நான்தான்… மூடி வச்சேன், அழுகிருச்சு. அப்புறம் திறந்து வச்சேன்."

"எப்ப?"

"மொளைச்சு பத்துப் பன்னெண்டு நாள்ல."

அவள் தலையை ஆட்டினாள், மனதுக்குள் எண்ணுகிறவள் போல. "அப்ப போன்ல சொன்னீங்களே. ரெண்டாவது எல, மூணாவது எல. சால்வியா மஞ்சளடிக்குதுன்னு."

"நீ படுத்திருக்கறப்ப எப்படிச் சொல்றது? அதான்."

கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படி என்னைப் பார்த்ததில்லை.

"டாக்டர் அன்னைக்கு உங்களைத் தனியா வெளிய கூட்டிட்டுப் போனாரு. உள்ள வந்து புண்ணு ஆறிட்டு வருதுன்னு சொன்னீங்க. அதுவும் இந்த ரெண்டாவது எலதானா?"

"அம்மா, குளிருதும்மா, வீட்டுக்குள்ள போலாம்" என்று சுகந்தி அவள் தோளைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. இவர் சொல்லட்டும்."

சிரிக்கப் பார்த்தேன். உக்காரும்மா என்று சொல்கிற அந்த முகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஈர மண்ணில், அவள் காலுக்குப் பக்கத்தில். சொன்னேன். கணையம் என்றேன், பரவிடுச்சு என்றேன், ஆபரேஷன் முடியாதாம் என்றேன். இரண்டு மாசம், நல்லா இருந்தா மூணு என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் கண்டக்டர் ஸ்டாப் பேர் வாசிக்கிறது மாதிரி வந்தது. பெருங்காயத்தையும் சொன்னேன். நீ கார்த்திகையிலேயே சொன்னே, நான்தான் மோர் குடின்னேன் என்று.

"சுகந்திக்கும் தெரியுமா?"

சுகந்தி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"என் வயிறு" என்றாள் பவளம். "என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு." கைக்கு எட்டின தட்டிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள், எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. வேரைப் பார்த்தாள், திரும்ப அதே குழியில் வைத்து விரலால் அழுத்தினாள். அழவில்லை. வெகு நேரம் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலை மேல் அவள் கை வந்து விழுந்தது, தடவவில்லை, பாரமாக அப்படியே கிடந்தது.

"பேன்சி பூக்க இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும்" என்றாள், எங்களிடம் இல்லை. பிறகு எங்களிடம். "இதையெல்லாம் யாராவது கேட்டா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு முள்ளங்கி போடுங்க. இந்தக் குளிருக்கும் நாப்பது நாள்ல பிடுங்கிரலாம்."

"இப்பவா?"

"பின்ன எப்ப?"

எழுந்தேன். முள்ளங்கி விதை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். சொன்னாள்.